கேசட் மக்கர் பண்ணினால்: பழைய டேப்பைக் கணினியில் ஏற்றும்போது வரும் கோளாறுகள்

பழைய கேசட் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. அட்டை கிழியாத, டப்பா உடையாத சினிமாப் பாட்டு கேசட்டைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம். நான் இன்னொரு ரகம். மூர் மார்க்கெட் பக்கம் போனாலும் சரி, எடைக்குப் போடும் பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் சரி, பேனாவால் ‘கல்யாணம் 2’ என்றோ ‘மாமா பேச்சு’ என்றோ கிறுக்கியிருக்கும் கேசட்டைத்தான் முதலில் எடுப்பேன். ஒன்றுமே எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது. சினிமாப் பாட்டு எப்படியும் வேறு எங்காவது நல்ல தரத்தில் கிடைத்துவிடும். எண்பதுகளில் ஏதோ ஒரு கோயில் கொடையில் யாரோ மைக்கை நீட்டிப் பிடித்துப் பதிந்த வில்லுப்பாட்டு, உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கும். ஓட்டும்போது டெக், அதாவது கேசட் பிளேயர், அதைத் தின்றுவிட்டால் போச்சு.

அதனால் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதம். ‘கணினிக்குள் போன பிறகு சரிசெய்துகொள்ளலாம்’ என்று எதையும் விடுவதில்லை. டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் சரிசெய்ய வேண்டியதை மென்பொருளில் சரிசெய்யப் பார்ப்பது, அரிசியில் கல் பொறுக்காமல் சோற்றில் பொறுக்குகிற கதைதான்.

எதையும் ஓட்டுவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, கேசட்டின் முதுகில், டேப் தெரியாத பக்கத்தில், இரண்டு மூலையிலும் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். பழைய ஆட்கள் மறுபடி பதிவதற்காக அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டியிருப்பார்கள், அதையும் பிய்த்துவிடுங்கள். இனி தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் இறங்காது. இரண்டாவது, நன்றாக ஓடும் என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேசட்டைத் தனியே எடுத்து வையுங்கள். நான் இதைச் சாட்சி என்பேன். எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ‘கேசட்டா, டெக்கா, வயரா’ என்பதுதான். சாட்சியைப் போட்டும் அதே கோளாறு வந்தால் கேசட் நிரபராதி. டெக்கிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கும்போது நன்றாக இருந்து, கணினியில் மட்டும் கெட்டிருந்தால் டெக்கும் நிரபராதி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர்கள் நல்ல டெக்கைக் கெடுத்ததுதான் மிச்சம். நானே கெடுத்திருக்கிறேன்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, டேப் நகரவில்லை

நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பெல்ட்தான். பல வருடம் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். இல்லையென்றால் உருகித் தாரைப் போலக் கறுப்புப் பிசினாகியிருக்கும். பின்மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும். உருகியதை விரலால் தொடாதீர்கள், இரண்டு நாளைக்குப் போகாது. காது குடையும் பட்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பெல்ட் ஓடும் சக்கரங்களின் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியது மாட்டுங்கள். பழைய பெல்ட்டின் ஒரு துண்டு மிஞ்சினாலும் சரி, அதை எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்துக்குப் போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். உருண்டைப் பெல்ட்டா, சதுரப் பெல்ட்டா, பட்டைப் பெல்ட்டா என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டு போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ஓடும், ஆனால் பாட்டு தள்ளாடும்.

டேப்பைத் தின்கிறது

பாட்டு திடீரென்று குழைந்து நின்றால் ஓடிப்போய் ஸ்டாப்பை அழுத்துங்கள். கேசட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கதவைத் திறந்து, கேசட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, ரோலரில் சுற்றிய டேப்பை விரலால் மெதுவாக விடுவியுங்கள். வரவில்லையென்றால் ரோலரைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கசங்கிய இடத்தை ஒரு சுத்தமான பருத்தித் துணியின் மேல் வைத்து விரலால் நீவிவிட்டு, நடராஜ் பென்சிலைப் பல்சக்கர ஓட்டையில் விட்டுச் சுற்றி உள்ளே இழுங்கள். பென்சில் ஆறு பட்டையாக இருக்க வேண்டும். உருண்டைப் பென்சில் வழுக்கும்.

தின்றதற்குக் காரணம் பெரும்பாலும் வலது பக்கச் சக்கரம்தான். டேப்பை முன்னால் தள்ளுவது ரப்பர் ரோலரும் அதை ஒட்டிச் சுற்றும் மெல்லிய இரும்புக் கம்பியும். அங்கிருந்து வருவதை வாங்கிச் சுற்றிக்கொள்வது வலது சக்கரம். அது நின்றுவிட்டால், வந்த டேப் போக இடமில்லாமல் ரோலரில் ஏறிச் சுற்றிக்கொள்ளும். கேசட் இல்லாமல் பிளேயை அழுத்திப் பாருங்கள். சில டெக்குகளில் கதவுக்குள் இருக்கும் ஒரு சின்ன நாக்கை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். வலது சக்கரம் சுற்றும்போது லேசாகப் பிடித்தால் எதிர்ப்பு தெரிய வேண்டும். தொட்டதும் நின்றால் பெல்ட்டோ உள்ளே இருக்கும் ரப்பர் வளையமோ போய்விட்டது.

வலது சக்கரம் ஒழுங்காகச் சுற்றியும் தின்கிறதென்றால் ரோலர் பிசுபிசுப்பாக இருக்கும். பழைய டேப் உதிர்க்கும் பழுப்புத் தூள் ரோலரில் படிந்து பசையாகிவிடும். அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் துடைத்துக் காயவிடுங்கள். இரும்புக் கம்பிக்கும் ஹெட்டுக்கும்தான் ஆல்கஹால். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வாங்கி ஊற்ற வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் என்று கேட்டு வாங்குங்கள். பட்ஸ் பழுப்பாக வராத வரைக்கும் துடையுங்கள். மூட்டையாக வாங்கி வந்த பழைய கேசட்டுகளை ஓட்டுகிற நாளில் நான் நாலு கேசட்டுக்கு ஒரு தரம் துடைப்பேன்.

டேப் அறுந்தே போய்விட்டதென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கென்றே 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் ஒட்டுநாடா விற்கிறது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிளேடால் ஒரே சாய்வாக வெட்டி, முனையோடு முனை முட்டும்படி வைத்து, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள். செலோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை நாளாக நாளாக வழிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

கிறீச் என்று கத்துகிறது, அல்லது இழுத்து இழுத்து ஓடுகிறது

பல வருடம் அசையாமல் கிடந்த டேப் சுற்றோடு சுற்று இறுகிப் போயிருக்கும். கேசட்டைத் தட்டையாகப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு, திருப்பி நாலு தட்டு. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் இதைத் தொடையில் தட்டிச் செய்வார்கள். அப்புறம் கடைசி வரை ஓட்டிச்சென்று, மறுபடி முதலுக்குக் கொண்டுவாருங்கள். பதிவதற்கு முன் எல்லாக் கேசட்டுக்கும் இதைச் செய்வது நல்லது; பாதிக் கத்தல் இதிலேயே நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் கூட்டை மாற்ற வேண்டும். ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் வேலை சுலபம். மேசையில் படுக்க வைத்து, மேல் மூடியை மெதுவாகத் தூக்கி, இரண்டு சுருளையும் அப்படியே எடுத்து வேறு நல்ல கூட்டில் வைத்து மூடிவிடலாம். சுருளுக்கு மேலும் கீழும் வழுவழுப்பான மெல்லிய தாள் இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரக்கோட்டில் பிளேடை விட்டு நெம்பிப் பிளக்க வேண்டியதுதான். அதற்குப் பலிகொடுக்கவென்று என்னிடம் ஒரு டப்பா நிறைய உதவாத கேசட் இருக்கிறது.

மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். அவசரப்பட்டு ‘டேப் பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவதும் இதைத்தான். பெரும்பாலும் அப்படி இல்லை.

முதலில் அழுக்கு. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது நடுவில் திடீரென்று மங்கினால், அந்தக் கேசட்டே தூள் உதிர்த்து ஹெட்டை அடைத்துவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டு, மங்கத் தொடங்கிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி பதியுங்கள்.

அடுத்து, கேசட்டின் நடு வாயைப் பாருங்கள். டேப்புக்குப் பின்னால், ஒரு செம்புத் தகட்டின் மேல் சதுரமாகச் சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அதை ஒட்டிய பசை காய்ந்து துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். கேசட்டை ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுவென்கிறதே, அது பல நேரம் இந்தத் துண்டுதான். பலி டப்பாவிலிருந்து ஒரு தகட்டைத் துண்டோடு கழற்றிப் பொருத்தினால் வேலை முடிந்தது.

மூன்றாவது, டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்ச். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் உச்ச ஒலியெல்லாம் அமுங்கிப் போகும். கேசட்டிலோ அட்டையிலோ இரட்டை டி சின்னம் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்ததில் பெரும்பாலும் டால்பி இருக்காது.

இந்த மூன்றும் இல்லையென்றால்தான் ஹெட்டின் சாய்வுக்கு வர வேண்டும். அசிமுத் என்பார்கள். ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துப் பிளவு உண்டு. பதிந்த டெக்கில் அந்தப் பிளவு டேப்புக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ, ஓட்டும் டெக்கிலும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் உச்ச ஒலி போய்விடும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கனத்த அடி கேட்கும். ஜாலராவும் ‘ச’ ‘ஷ’ ஒலிகளும் காணாமல் போகும். வீட்டில் பதிந்த கேசட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டெக்கின் சாய்வைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரு டெக்குக்கு ஒரு தரம் சரிசெய்து விட்டுவிடும் வேலை இல்லை இது, கேசட்டுக்குக் கேசட் செய்ய வேண்டும்.

பிளேயில் ஓடும்போது ஹெட்டின் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ தெரியும். ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். அடியில் ஸ்பிரிங் வைத்து, தலையில் பெயின்ட் பொட்டு வைத்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. ஸ்க்ரூ தலை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இடது வலது இரண்டையும் சேர்த்து ஒரே மோனோவாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காந்தமில்லாத சின்ன ஸ்க்ரூடிரைவரால், பாட்டு ஓட ஓட, மிக மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்காது. ஒரு பக்கம் திருப்பத் திருப்ப ஒலி தெளிந்துகொண்டே வரும், ஓர் இடத்தைத் தாண்டியதும் மறுபடி மங்கும். தாண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நில்லுங்கள்.

முதன்முதலாக இதைச் செய்தது ஒரு கல்யாண நாதஸ்வரக் கேசட்டில். அதுவரை ஏதோ பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ அரைக்கால் சுற்று திரும்பியதும் தவில் குச்சி தோலில் விழும் ‘டக்’ தனியாகப் பிரிந்து கேட்டது. பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. ‘பந்திக்கு நேரமாச்சு’ என்று யாரோ சொல்வது கேட்டது. மென்பொருளில் டிரெபிளைக் கூட்டியிருந்தால் இரைச்சல்தான் கூடியிருக்கும், அந்தக் குரல் வந்திருக்காது.

இரண்டு பக்கமும் தானே திரும்பி ஓடும் ஆட்டோ ரிவர்ஸ் டெக் என்றால் ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். எனக்கு இந்த டெக்குகளில் நம்பிக்கை இல்லை. ஒரு திசையை மட்டும் சரிசெய்துவிட்டு, கேசட்டைக் கையால் திருப்பிப் போட்டே பதிகிறேன்.

பின்னால் யாரோ தலைகீழாகப் பேசுகிறார்கள்

பாட்டு தெளிவாக இருந்து, பின்னணியில் மட்டும் புரியாத மொழி போல் ஒன்று முனகினால், அது அடுத்த பக்கம்தான். டேப்பின் அகலத்தில் பாதி ஒரு பக்கத்துக்கு, மீதி மறுபக்கத்துக்கு. மறுபக்கம் எதிர்த்திசையில் ஓடுவது. ஹெட்டின் உயரம் மாறி அந்தப் பாதியையும் தொட்டால் இப்படிக் கேட்கும். சாட்சியிலும் கேட்டால் டெக் கோளாறு. யாரோ தவறான ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கிறார்கள்.

எல்லாமே தலைகீழாக, அதுவும் சன்னமாகவும் மங்கலாகவும் கேட்டால் விஷயம் வேறு. கூட்டுக்குள் டேப் ஒரு புரட்டுப் புரண்டிருக்கிறது. தின்ற டேப்பை அவசரமாக உள்ளே சுற்றியவர் கைவண்ணம். கூட்டைத் திறந்து, புரண்ட இடத்தைத் தேடி நேராக்க வேண்டும். எங்கேயும் புரட்டு தெரியவில்லையென்றால் ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள், அங்கே மாற்றி ஒட்டியிருப்பார்கள்.

பேசுகிறவர் வாய் திறப்பதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னால் அதே வார்த்தை மெல்லிசாகக் கேட்கிறதா? சுருளில் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் காந்தம் ஏறியது அது. சி-90, சி-120 போன்ற நீள கேசட்டுகளில் டேப் மெல்லிசு என்பதால் அதிகம் வரும். இரண்டு மூன்று தரம் முழுக்க ஓட்டித் திருப்பினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. விட்டுவிடுங்கள்.

குரல் கீச்சென்று இருக்கிறது, அல்லது குழைகிறது

கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஃபிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட நாளிலிருந்து இதுதான் கணக்கு. சாட்சியும் வேகம் மாறி ஓடினால் டெக்கைத் திருத்துங்கள். பல மோட்டார்களின் பின்புறத்தில் ஒரு குட்டி ஓட்டை உண்டு, உள்ளே திருகினால் வேகம் மாறும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் கிடைத்தால் கணினியில் அளந்து சரியாக வைத்துவிடலாம். கிடைக்காவிட்டால், சி-60 கேசட்டின் ஒரு பக்கம் ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள். அரை மணிக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே டேப் வைத்திருப்பார்கள்.

தேர் ஆடுவது மாதிரிச் சுருதி ஆடினால் பெல்ட் அல்லது காய்ந்து இறுகிய ரோலர். மலிவான யூஎஸ்பி கேசட் பிளேயரில் இது கூடவே பிறந்த குணம். சிலவற்றில் ஸ்டீரியோவும் கிடையாது. பழைய நல்ல டெக் ஒன்றை வாங்கிப் பெல்ட் மாற்றுவதுதான் என் யோசனை.

டெக் சரி, சாட்சி சரி, இந்த ஒரு கேசட் மட்டும் வேகம் மாறி ஓடுகிறது என்றால்தான் கதை சுவாரசியம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. சித்தப்பா மஸ்கட்டில் இருந்தபோது அப்பத்தாவின் குரலைப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிய கேசட். அவர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஓட்டினால் முதலில் அப்பத்தா அப்பத்தாவாகத்தான் பேசுகிறது. போகப் போகக் குரல் மெலிந்து, முடிவில் கிளிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடுகிறது. வீட்டில் எல்லோரும் டேப் கெட்டுவிட்டது என்றார்கள்.

டேப் கெடவில்லை. பதிந்தது பேட்டரியில். பேச்சு நீள நீள பேட்டரி இறங்கியிருக்கிறது, மோட்டார் மெல்ல மெல்லத் தொய்ந்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் வேகமாகவும் கீச்சென்றும்தானே வரும்? இதற்கு டெக்கைத் திருகக் கூடாது. உள்ளபடியே பதிந்துவிட்டு, நகலில் திருத்த வேண்டும். மென்பொருளில் செய்ய வேண்டிய ஒரு சில வேலைகளில் இது ஒன்று.

எவ்வளவு மாற்றுவது என்பதுதான் கேள்வி. கரண்டில் மாட்டிப் பதிந்த கேசட் என்றால் ஒரு நல்ல தடயம் உண்டு: கரண்டின் ‘ம்ம்ம்’ உறுமலும் சேர்ந்து பதிந்திருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் யாரும் பேசாத ஓர் இடத்தைத் தேர்ந்து அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் அல்லது 100இல் நிற்க வேண்டிய முள் 52.5இல் அல்லது 105இல் நின்றால், டேப் 5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 50ஐ 52.5ஆல் வகுத்தால் 0.952. வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்தால் சரி. அந்தக் காலத்தில் கரண்டே 50இல் நிலையாக நின்றதில்லை என்பதால் இதைத் தோராயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் டெக் இப்போது போடும் உறுமலை அளந்துவிட்டு 50 என்று மகிழ்ந்துவிடக் கூடாது. டேப் நிற்கும்போதும் அந்த முள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இன்றைய உறுமல்.

அப்பத்தா கேசட்டில் உறுமல் இல்லை, பேட்டரி ஆயிற்றே. ஆனால் பின்னால் திண்ணையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த பாட்டுகளின் நல்ல பதிவைத் தேடி எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்கு. முதல் பாட்டில் வித்தியாசமே இல்லை, இரண்டாவதில் அரைக் கட்டை, கடைசிப் பாட்டில் இரண்டு கட்டைக்குக் கிட்ட. ஆடாசிட்டியில் டைம் டிராக் என்று ஒன்று உண்டு, அதில் புள்ளி புள்ளியாக வைத்து வேகத்தைச் சரிவாக இறக்கலாம். ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. முடிவில் அப்பத்தா ‘மழை இல்ல, மாட்டுக்குத் தீவனம் இல்ல, மத்தபடி நல்லாருக்கோம்’ என்று சொந்தக் குரலில் சொல்லி முடித்தது.

‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது

டேப்பை நிறுத்திய பிறகும் கணினியில் உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டதா? டெக்குக்கும் லேப்டாப்புக்கும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரியிலேயே பதிந்துவிடுங்கள். சார்ஜர் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் முள்ளை உடைப்பது, எர்த் வயரை வெட்டுவது போன்ற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

விட்டு விட்டு ‘ட்ட்ட், ட்ட்ட்’ என்றால் பக்கத்தில் செல்போன் இருக்கிறது. அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

டெக்கில் நன்றாக இருக்கிறது, கணினியில் கெட்டுப்போகிறது

கரகரப்பு: லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகியிருப்பீர்கள். அது மைக்கின் சன்னமான சமிக்ஞைக்கு வைத்தது. டெக் ஒலியை வெளியே அனுப்பும் லைன் அவுட் அதற்கு வெள்ளம். ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ கருவி ஒன்று வேண்டும். கைவிரல் அளவு மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டுகள் பலவற்றில் மைக் ஓட்டை மட்டும்தான், அதுவும் மோனோ. அலைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலை உச்சியை வாளால் சீவினதுபோல் தட்டையாக இருந்து, அந்த உச்சி உச்சவரம்பைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றால், கணினிக்கு வருவதற்கு முன்பே உடைந்துவிட்டது. கணினியில் அளவைக் குறைத்துப் பயனில்லை. டெக்கில் லைன் அவுட் இல்லாமல் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து எடுக்கிறீர்களென்றால் அங்கே வால்யூமைக் குறையுங்கள். அதிக சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும்.

ஒலி அமுங்கி அமுங்கி எழுகிறது, பாடகர் மூச்சு விடும்போது தம்புராவே காணாமல் போகிறது: இது விண்டோஸ் செய்யும் உபகாரம். வருவது மைக் என்று நினைத்து, இரைச்சல் நீக்கி எதையாவது போட்டிருக்கும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல். தம்புராவை மின்விசிறி என்று எண்ணிக்கொள்கிறது. ஒலி அமைப்பில் போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். இரண்டு சேனலா, ஒன்றா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

நடுநடுவே ‘டிக்’ என்று வெட்டு: யூஎஸ்பி ஹப்பை விட்டு நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். மற்ற நிரல்களை மூடுங்கள். லேப்டாப் தூங்கப் போகாமல் அமைத்துவையுங்கள்.

பதிவது 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு மணி நேர கேசட் ஒரு ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஃபிளாக்காக மாற்றினால் ஒலி கொஞ்சமும் குறையாமல் இடம் பெருமளவு மிச்சம். எம்பி3 வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பத்தான். திருத்தாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இன்று நீங்கள் போட்ட இரைச்சல் நீக்கம் அடுத்த வருடம் உங்களுக்கே பிடிக்காது.

சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பூஞ்சை. கடற்கரை ஊர்களில், இரும்புப் பீரோவில் அடைத்து வைத்த கேசட்டில் சகஜம். டெக்கில் போடாதீர்கள், ஹெட், ரோலர் எல்லாவற்றிலும் அப்பி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும். வெயிலில் காயவைக்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, ஆனால் கேசட் வடகம் இல்லை. கூடு வளைந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு நாலைந்து நாள் வைத்துக் காயவிடுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே கூட்டைத் திறந்து, மென்மையான பிரஷால் தூளைத் தட்டிவிடுங்கள். சுருளை வேறு கூட்டுக்கு மாற்றி, உலர்ந்த பஞ்சில்லாத துணியை டேப்பில் லேசாகப் பிடித்தபடி கையால் முழுக்கச் சுற்றுங்கள். இதற்கென்று ஒரு உதவாக்கரை டெக்கை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எதுவுமே கேட்கவில்லை

சாட்சி பாடுகிறது, இது மட்டும் வெறும் ‘ஸ்ஸ்’. அழித்துவிட்ட கேசட் என்று தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டுங்கள். மென்பொருளில் ‘சத்தம் வந்தால் மட்டும் பதி’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள், சன்னமான குரலை அது விழுங்கிவிடும். வெற்றாக இருக்கும் இடத்தையும் சேர்த்தே பதிகிறேன். பிறகு அலைப்படத்தை ஒட்டுமொத்தமாக விரித்துப் பார்த்தால் எங்கே மேடு இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

போன மாதம் எழுத்தே இல்லாத ஒரு சி-60. முதல் பக்கம் முழுக்க வெறுமை. இரண்டாம் பக்கத்தில் இருபத்திரண்டாவது நிமிஷத்துக்கு அப்புறம் ஒரு சின்ன மேடு. பெரிதாக்கிக் கேட்டேன். ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறான், ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கி நிற்கிறான். ‘ஓடுதாடா அது?’ என்று ஒரு பெண் குரல். ‘சிவப்பு லைட் எரியுதும்மா.’ டக். அவ்வளவுதான், அதற்குமேல் டேப் முடியும்வரை ஸ்ஸ்தான்.